செப்புச் சுரங்க முதலாளி வச்ச பாலைவனத் தோட்டம்!

வணக்கம் மக்களே! காத்து பலமா அடிக்குது, நான் பேசுறது கேக்கும்னு நம்புறேன். அமெரிக்காவோட அரிசோனா மாநிலத்துல பீனிக்ஸ்லேருந்து கிழக்கால ஒரு மணி நேரம், சுப்பீரியர்னு ஒரு சுரங்க ஊர். அதுக்குப் பக்கத்துலதான் இந்த பாய்ஸ் தாம்ப்ஸன் ஆர்போரீட்டம். 1924-ல ஆரம்பிச்சது. இந்த மாநிலத்துலயே பழைய தாவரவியல் பூங்கா இதுதான்.

வில்லியம் பாய்ஸ் தாம்ப்ஸன் செப்புல கோடி கோடியா சம்பாதிச்ச ஆளு. அவருக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம்? 1917-ல செஞ்சிலுவைச் சங்கக் குழுவோட ரஷ்யா போயிருக்கார். அங்க ஜனங்க பசியில கிடந்ததப் பாத்ததும், சோறு துணி எல்லாத்துக்கும் செடிதான் ஆதாரம்னு மண்டையில உறைச்சிருக்கு. அதனால இது வெறும் அழகுக்கு வச்ச தோட்டம் இல்ல. வறண்ட பூமியில எது தாக்குப்பிடிக்கும், எது மனுஷனுக்கு உதவும்னு வளத்துப் பாக்கத்தான் வச்சார். அதோ தெரியுது பாருங்க, ஆஸ்திரேலியா யூகலிப்டஸ், 1926-ல நட்டது. நிமிந்து பாத்தா கழுத்து வலிக்குது!

எல்லாரும் செல்ஃபி எடுக்குறது இந்த சாகுவாரோ கள்ளிகிட்டதான். கிட்ட வாங்க. மேலேருந்து கீழ வரைக்கும் மடிப்பு மடிப்பா இருக்குல்ல? மழை பெஞ்சா தண்ணிய உறிஞ்சி இந்த மடிப்பு விரியும், காஞ்சா சுருங்கிக்கும். முதல் எட்டு வருஷத்துல ஒண்ணு, ஒன்றரை அங்குலம்தான் வளருமாம். இந்தக் கை மாதிரி கிளை விட அம்பது, எழுபது வருஷம் ஆகும்.

ஆனா எனக்குப் பிடிச்சது இது இல்ல, பக்கத்துல நிக்குற பாலோ வெர்டே மரம். தண்டே பச்சை! தண்ணி இல்லன்னா இலையக் கொட்டிட்டு, இலை செய்யுற வேலைய அந்தப் பச்சைப் பட்டையே செஞ்சு மரத்துக்குச் சாப்பாடு சமைக்கும். குட்டி சாகுவாரோ இது மாதிரி மரத்து நிழல்லதான் வெயிலுக்கும் பனிக்கும் தப்பிப் பிழைக்குது. அது பெருசானதும் வளத்த மரத்துக்கே தண்ணி இல்லாமப் பண்ணிடும். இது தெரியாம, போட்டோவுல மரத்த வெட்டி விட்டுட்டு கள்ளிய மட்டும் வைக்கிறாங்க. அநியாயம்!

கோடையில வர்றதா இருந்தா விடியக்காலையிலேயே வந்துருங்க, தண்ணி பாட்டில் மறக்காதீங்க. இங்க ஏயர் லேக்னு ஒரு குட்டி ஏரி, அதுல அழியுற நிலையில இருக்குற பாலைவன மீன் வளக்குறாங்க. வாங்க, கேமராவுல சிக்குதான்னு பாப்போம்.