எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் எலும்பில் சீழ் இருக்கலாம்

[காட்சி: காலை ஊன்றாமல் நிற்கும் குழந்தை]

குழந்தைக்குக் காய்ச்சல். ஒரு காலை ஊன்றவே மறுக்கிறது. முழங்காலுக்குச் சற்று மேலே தொட்டால் அலறுகிறது. விளையாடும்போது விழுந்ததால் வந்த வலி என்று வீட்டில் நினைக்கிறார்கள். எக்ஸ்ரேயிலும் எலும்புக்கு ஒன்றும் இல்லை. சரி, வலி மாத்திரை போதும் என்று அனுப்பிவிடுவது பெரிய ஆபத்து.

கிருமி தாக்கிய எலும்பில் சுண்ணாம்புச் சத்து மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும். அதற்கு 10 முதல் 14 நாட்கள் ஆகலாம். முறிவோ கட்டியோ இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே தேவைதான். ஆனால் அதை வைத்து எலும்புத் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது.

[காட்சி: தொடை எலும்பின் கீழ்முனை, குறுக்குவெட்டு]

வளரும் எலும்பின் முனையில், எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டை ஒட்டி, நுண்ணிய ரத்தக் குழாய்கள் வளைந்து திரும்புகின்றன. அங்கே ரத்தம் மெதுவாக ஓடுவதால் கிருமி எளிதில் தங்கிவிடும். பெரும்பாலும் அது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். சீழ் சேரச் சேர எலும்புக்குள் அழுத்தம் ஏறும். பிறகு எலும்பின் கெட்டியான மேல்தகட்டைச் சீழ் துளைத்து வெளியே வந்து, எலும்பைப் போர்த்தியிருக்கும் உறையைத் தூக்கிவிடும். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ரத்த ஓட்டம் நின்றுபோனால் அந்தத் துண்டு எலும்பு செத்துவிடும். செத்த எலும்புக்குள் ஆன்டிபயாடிக் போய்ச் சேராது. அவசரப்படுவதெல்லாம் இதைத் தடுக்கத்தான்.

ரத்தப் பரிசோதனையில், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் புரதமான சிஆர்பி சில மணி நேரத்திலேயே உயரத் தொடங்கும், குணமாகும்போது வேகமாக இறங்கும். அழற்சியைக் காட்டும் இன்னொரு அளவான இஎஸ்ஆர், ஏறுவது இறங்குவது இரண்டிலும் மெதுவானது. சீழ் எங்கே, எவ்வளவு என்பதை எம்ஆர்ஐ போல வேறெதுவும் தெளிவாகக் காட்டாது. குழந்தையின் நிலை தாங்குமென்றால் பிளட் கல்ச்சருக்கு (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) ரத்தம் எடுத்த பிறகே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். நிலை மோசமாக இருந்தால் மருந்துதான் முதலில்.

[காட்சி: அறுவை அரங்கு]

எல்லோருக்கும் அறுவை தேவைப்படாது. சீழ் சேருவதற்கு முன்பே வந்தால் பலருக்கு மருந்தே போதும். சீழ்க்கட்டி தெரிந்தாலோ, பக்கத்து மூட்டுக்குள் சீழ் புகுந்தாலோ, 48 முதல் 72 மணி நேரம் மருந்து கொடுத்தும் காய்ச்சலும் வலியும் குறையாவிட்டாலோ அறுவை செய்து திறக்க வேண்டும்.

அறுவைக்கு முன் காலிலுள்ள ரத்தத்தை மேலே தள்ளிவிட இறுக்கமாகப் பட்டை சுற்றினால் கிருமி பரவக்கூடும். அதனால் காலைச் சிறிது நேரம் உயர்த்திப் பிடித்துவிட்டுத்தான், ரத்த ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்தும் பட்டையான டூர்னிக்கேவை இறுக்குவார்கள். உறையைக் கீறிச் சீழை வெளியேற்றுவார்கள். உறையை அளவுக்கு மேல் உரிக்கக் கூடாது, மிச்சமிருக்கும் ரத்த ஓட்டம் அதில்தான் இருக்கிறது. எலும்பில் ட்ரில்லால் சிறு துளைகள் போட்டு, உள்ளே சீழ் இருந்தால் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டி, சலைன் விட்டுக் கழுவுவார்கள். ட்ரில் வளர்ச்சித் தட்டைத் தொடவே கூடாது. எடுத்த சீழும் திசுவும் கல்ச்சருக்கு மட்டுமல்ல, பயாப்சிக்கும் (திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) போக வேண்டும்: யூவிங் சார்கோமா என்ற எலும்புப் புற்றுநோயும் அச்சு அசலாக இப்படியே காய்ச்சல், வலி, வீக்கத்துடன் வரும்.

[காட்சி: மாவுக்கட்டு போட்ட கால்]

ஜன்னல் வெட்டிய எலும்பு எளிதில் முறியும் என்பதால் கட்டு அவசியம். ஊசி மருந்து சில நாட்கள். காய்ச்சல் நின்று சிஆர்பி இறங்கியதும் வாய்வழி மருந்து. சிக்கலில்லாத குழந்தைகளுக்கு மொத்தம் 3 முதல் 4 வாரம், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 6 வாரம். தொற்று வளர்ச்சித் தட்டுக்கு அருகில் இருந்திருந்தால், கால் நீளம் சமமாக வளர்கிறதா என்று பல ஆண்டுகள் அளந்து பார்க்க வேண்டியிருக்கும்.