எழும் தந்தையும் வீழும் மகனும்: ‘தி காட்ஃபாதர்’ இரண்டாம் பாகம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் வாழும் ஒரு மாஃபியா குற்றக் குடும்பத்தின் கதையைச் சொல்லி 1972-இல் வெளிவந்த ‘தி காட்ஃபாதர்’ வசூலை வாரிக் குவித்தபோது, அதன் இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவுக்கு அந்தக் குடும்பத்தின் கதைக்குத் திரும்பும் எண்ணம் இருக்கவில்லை. படத்தைத் தயாரித்த பாரமவுண்ட் நிறுவனத்தோடு நடத்திய ஓயாத மல்லுக்கட்டு அவரை அந்த அளவுக்குச் சலிப்படையச் செய்திருந்தது. தொடர்ச்சியை இயக்க இன்னொரு இயக்குநரான மார்ட்டின் ஸ்கோர்செஸியை அழையுங்கள் என்று அவர் சொன்ன யோசனையை நிறுவனம் ஏற்கவில்லை. படத்தின் மீது தமக்கு முழு உரிமை வேண்டும் என்ற பேரத்துக்குப் பிறகே அவர் இசைந்தார்.

முதல் படத்தைப் பார்த்தவர்களில் பலர், தந்தைக்குப் பின் குடும்பத்தின் தலைமையை ஏற்கும் மைக்கேல் கொர்லியோனியை நாயகனாகவே கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டத்துக்கு எழுதப்பட்ட மறுப்பாகவே இரண்டாம் பாகத்தை நான் காண்கிறேன். மரியோ பூசோவின் மூல நாவலில் இருந்தபோதிலும் முதல் படத்தில் இடம்பெறாமல் போன தந்தை வீட்டோவின் இளமைக் கதையையும், 1958-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடக்கும் மகனின் புதிய கதையையும் கொப்போலா மாற்றி மாற்றிக் கோத்தார். ஒருவர் எழ எழ, மற்றவர் சரிகிறார்.

ஒரு காட்சியைச் சற்று நின்று பார்ப்போம். தெருவில் திருவிழா ஊர்வலம் போய்க்கொண்டிருக்க, இளம் வீட்டோ கூரைகளின் வழியே அதனுடன் நடந்து, துப்பாக்கியைச் சுற்றிய துணி தீப்பற்றி எரிய எரிய, ஃபனூச்சி என்ற தெருத் தாதாவைச் சுட்டுக் கொல்கிறார். துப்பாக்கியை உடைத்துப் புகைபோக்கிகளுக்குள் போட்டுவிட்டு, வாசற்படியில் காத்திருக்கும் மனைவி மக்களிடம் வந்து அமர்ந்து, கைக்குழந்தை மைக்கேலை எடுத்துக் கொஞ்சுகிறார். குடும்பத்துக்காகச் செய்தேன் என்ற நியாயம் பிறக்கும் இடம் அது. அதே நியாயத்தைப் பேசிய மகன் பிற்பாடு என்ன செய்கிறான்? மரியன்னையை வேண்டிக்கொண்டு தூண்டில் போட்டால் மீன் அகப்படும் என்று நம்பும், தன்னைக் காட்டிக்கொடுத்த அண்ணன் ஃப்ரேடோவை, படகில் அவன் அந்த வேண்டுதலைச் சொல்லும்போதே சுட்டுக் கொல்லச் செய்கிறான். தாயின் மறைவு வரை காத்திருந்தான் என்பதுதான் அவன் காட்டிய ஒரே தாட்சண்யம்.

இப்படிப்பட்ட அமைப்பு எளிதில் கைகூடிவிடவில்லை. முன்னோட்டத் திரையிடலில், இரு காலங்களுக்கும் இடையே அடிக்கடி தாவியதால் பார்வையாளர்கள் திணறினார்கள். தாவல்களைக் குறைத்து, ஒவ்வொரு காலத்திலும் கூடுதல் நேரம் நிற்கும்படி படத்தை மறுபடி தொகுத்த பிறகே அது 1974 டிசம்பரில் வெளியானது.

இடையூறுகளும் படத்துக்கு வாய்ப்பாயின. முதல் படத்தில் வீட்டோவின் கூட்டாளி கிளமென்சாவாக நடித்தவர் திரும்பி வராததால் பென்டாஞ்சலி என்ற புதிய பாத்திரம் பிறந்தது. தந்தையின் பிறந்தநாளை நினைவுகூரும் இறுதிக் காட்சிக்கு, முதல் படத்தில் வீட்டோவாக நடித்த மார்லன் பிராண்டோ வராமற்போகவே, அவர் திரையில் தோன்றாதபடி காட்சியை மாற்றி எழுதினார்கள். படையில் சேர்ந்துவிட்டேன் என்று மைக்கேல் சொல்ல, ஃப்ரேடோ ஒருவன்தான் கைகொடுத்து வாழ்த்துகிறான். பிறகு எல்லோரும் தந்தையை வரவேற்க எழுந்து ஓட, மைக்கேல் மட்டும் மேசையில் தனித்து அமர்ந்திருக்கிறான். பிராண்டோ வந்திருந்தால் நம் கண்கள் அவர் பக்கம் போயிருக்கும்.

இரண்டாம் பாகம் 11 பரிந்துரைகளில் 6 ஆஸ்கர் விருதுகளை வென்றது. சிறந்த படத்துக்கான விருதைப் பெற்ற முதல் தொடர்ச்சிப் படமும் இதுவே. இளம் வீட்டோவாகப் பெரும்பாலும் சிசிலிய மொழியிலேயே பேசி நடித்த ராபர்ட் டி நீரோ சிறந்த துணை நடிகரானார். பழைய நியூயார்க்கைப் பொன்னிறத்திலும் மைக்கேலின் அறைகளை இருளிலும் படம்பிடித்த ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸின் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட இல்லை என்பதை, விருதுகளைப் பெரிதாக எடுத்துக்கொள்வோர் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

தலைப்பில் ‘இரண்டாம் பாகம்’ என்று போட நிறுவனம் தயங்கியது, கொப்போலா விடவில்லை. இன்று சுவரொட்டிகளில் எண்கள் சாதாரணமாகிவிட்டன. ஆனால் எண்ணைப் பின்பற்றியவர்களில் பலர், முந்தைய படத்தையே கேள்விக்கு உள்ளாக்கும் துணிவைப் பின்பற்றவில்லை. 1977-இல் இரு படங்களையும் கால வரிசைப்படி கோத்துத் தொலைக்காட்சிக்குத் தந்தார்கள். கதை தெளிவாகப் புரிந்தது. ஆனால் வாசற்படியில் குழந்தையைக் கொஞ்சும் தந்தைக்கும் அண்ணனைக் கொல்லச் சொல்லும் மகனுக்கும் இடையே பல மணி நேரம் ஓடிவிட்டதால், ஒருவரை வைத்து மற்றவரை எடைபோடும் வாய்ப்பு அங்கே பார்வையாளருக்குக் கிட்டவில்லை.