தாஷ்கண்டில் உள்ள 'தாஷ்': ஒரு நேயரின் சந்தேகம்

"தாஷ்கண்ட் என்றால் கல் நகரம், சரி. ஆனால் கல்லைக் குறிக்கும் அந்த 'தாஷ்' ஆதியில் ஒருவித லகரத்தில் முடிந்தது என்கிறார்களே, யாரும் எழுதி வைக்காததை எப்படிச் சொல்ல முடியும்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி.

எழுத்துச் சான்று ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில், கி.பி. 732இல் இளவரசன் குல் தெகினுக்காக நட்ட பழைய துருக்கிய மொழிக் கல்வெட்டிலேயே 'பெங்கு தாஷ்', அதாவது என்றும் அழியாத கல், என்று வந்துவிடுகிறது. அப்போதே ஷகரம்தான். அதற்கும் முன்னால் போக வேண்டுமானால் வோல்கா நதிக்கரையில் பேசும் சுவாஷ் மொழியிடம் போக வேண்டும். துருக்கி, உஸ்பெக் முதலிய மற்ற துருக்கிய மொழிகளை விட்டு மிக முன்பே பிரிந்துபோன கிளையில் இன்றும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்.

சுவாஷில் கல்லுக்குச் 'சுல்' என்று பெயர். ஒரே ஒரு சொல்லை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனால் துருக்கி மொழியில் 'குமுஷ்' என்னும் வெள்ளி, அங்கே 'கெமெல்'. 'கிஷ்' என்னும் குளிர்காலம், 'ஹெல்'. அதே இடத்தில் அதே மாற்றம்.

"ஷகரம் சுவாஷில் லகரமாக மாறியிருக்கலாமே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் 'தலை' வந்து நிற்கிறது. துருக்கியில் 'பஷ்', சுவாஷில் 'புஸ்'. இங்கே ஷகரம் லகரம் ஆகவே இல்லை! சரி, சாதாரண லகரமே இருந்தது என்று வைத்துக்கொண்டால், கையைக் குறிக்கும் 'கொல்' சுவாஷில் 'ஹுல்'; இரண்டு பக்கமும் லகரம் அப்படியே நிற்கிறது. ஆக, ஷகரமும் இல்லாத, சாதாரண லகரமும் இல்லாத மூன்றாவது ஒலி ஒன்று இருந்திருக்க வேண்டும். அதனால்தான் பலர் குறியிட்ட ஒரு தனி லகரத்தால் அதை எழுதுகிறார்கள். சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறியும் போடுவார்கள். எங்கும் எழுத்தில் கிடைக்காத, மீட்டுருவாக்கிய வடிவம் என்று அதற்கு அர்த்தம்.

உயிரொலிக்கும் சாட்சி உண்டு. சைபீரியாவின் யாகூத் மொழியில் 'தாஸ்', துர்க்மெனில் 'தாஷ்', இரண்டிலும் நெடில். அதனால் மூலத்திலும் நெடில் என்றே கொள்கிறார்கள்.

அப்புறம், மங்கோலியரும் கல்லைச் 'சுலூ' என்கிறார்கள். இது பழைய உறவா, கடன் வாங்கியதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. சுவாஷின் முன்னோர் பேசியது போன்ற ஒரு மொழியிலிருந்து மங்கோலியர் வாங்கியது என்ற வாதமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.