குறிப்புக்கும் பந்திக்கும் நடுவில் ஒரு கேள்வி

நேயர்களுக்கு வணக்கம். பிள்ளைகள் ஒரு பாடத்தை வாசிக்கிறார்கள், குறிப்பும் எடுக்கிறார்கள். ஆனால் அந்தக் குறிப்பை வைத்துச் சொந்தமாக ஒரு பந்தி எழுதச் சொன்னால் திணறிப்போகிறார்கள். தரம் 6 பிள்ளைக்கும் இந்தக் கஷ்டம் இருக்கிறது, சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கும் இருக்கிறது. மலையகத்தில் தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ படிப்பிக்கிற ஆசிரியர்கள் பலர் இதைக் கேட்டதும் தலையாட்டுவார்கள். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம் பிள்ளைகள் பலருக்குக் குறிப்பு என்பது டீச்சர் சொல்லச் சொல்ல எழுதுவது, அல்லது கரும்பலகையில் இருப்பதை அப்படியே கொப்பியில் இறக்குவது. ரியூசனில் அச்சடித்தே கையில் கொடுத்துவிடுகிறார்கள். கட்டுரையும் அதே கதைதான். யாரோ எழுதியதைப் பாடமாக்கி ஒப்புவிக்கிறார்கள். அப்படிப் பாடமாக்கிய பிள்ளை புள்ளி வாங்கும். ஆனால் தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பேனை நின்றுவிடும். பிள்ளையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. சொந்தமாக எழுதுவதற்கு நாம் இடமே கொடுக்கவில்லை.

ஆகவே குறிப்பு முதலில் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்தை வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். மனதில் நிற்பதை நாலைந்து சொல்லில் எழுதட்டும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து பெயரும் ஆண்டும் சரியா என்று பார்த்து, ஓரத்தில் பக்க எண்ணைப் போடட்டும். புத்தகம் திறந்தே கிடந்தால் கை தானாகவே வசனங்களைப் பார்த்தெழுதத் தொடங்கிவிடும்.

இலங்கையின் மலைத் தோட்டங்களில் கோப்பிப் பயிர் போய்த் தேயிலை வந்த வரலாற்றுப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டவர்தான் ஜேம்ஸ் டெய்லர். ஒரு பிள்ளையின் கொப்பியில் இப்படி இருந்தது. "1867 – லூல்கந்துர – 19 ஏக்கர் தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் – ஸ்கொட்லாந்து. 1869 – மடுல்சீமை – கோப்பி இலை நோய். கோப்பி – பழம் பறிக்கும் காலத்துக்கு ஆள். தேயிலை – வருஷம் முழுக்கக் கொழுந்து. தலைமன்னார், மாத்தளை – நடை. டெய்லர் மரணம் – 1892."

நல்ல குறிப்பு. இதைப் பந்தியாக எழுதச் சொன்னதும் அந்தப் பிள்ளை எழுதியது இது: "1867ஆம் ஆண்டு லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிடப்பட்டது. ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்தவர். 1869ஆம் ஆண்டு மடுல்சீமையில் கோப்பி இலை நோய் வந்தது. டெய்லர் 1892ஆம் ஆண்டு இறந்தார்." எழுத்துப் பிழை இல்லை, தகவல் பிழையும் இல்லை. ஆனாலும் இது பந்தி ஆகவில்லை. குறிப்புக்கு வினைச்சொல் சேர்த்து முற்றுப்புள்ளி வைத்ததோடு சரி.

இந்த இடத்தில் நாம் வழக்கமாக என்ன சொல்வோம்? "இணைப்புச் சொல் போட்டு எழுது" என்போம். பிள்ளையும் அங்கங்கே ஒரு "மேலும்", ஒரு "அத்தோடு" செருகிக் கொண்டுவரும். காரணம் எது, விளைவு எது என்று மனதில் பிடிபடாத பிள்ளைக்கு "ஆகவே" என்ற சொல்லை எங்கே வைப்பதென்று எப்படித் தெரியும்?

அந்தப் பிள்ளையிடம் கேட்க வேண்டியது வேறு: "இந்தக் குறிப்பை வைத்து நீ எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறாய்?" முதலில் பேசாமல்தான் நிற்கும், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் இருப்பது தலைப்புத்தானே. அதனால் தொடக்கத்தில் கேள்வியை நாமே எடுத்துக் கொடுக்கலாம். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களில் அநேகம் பேர் திரும்பிப் போனார்களே, தேயிலை வந்த பிறகு ஏன் இங்கேயே தங்கினார்கள்? மலையகத்துப் பிள்ளைக்கு இது தன் வீட்டைப் பற்றிய கேள்வி. கேட்டதும் முகம் மாறும்.

கேள்வி கிடைத்துவிட்டால் குறிப்புகளைப் பிரிக்கலாம். டெய்லர் எந்த ஊர், எப்போது இறந்தார் என்பதற்கெல்லாம் இங்கே வேலையில்லை. 19 ஏக்கருக்கும் வேலையில்லை. பிள்ளைகளுக்கு விட மனம் வராது, கஷ்டப்பட்டு எழுதியதல்லவா? அழிக்கச் சொல்லாதீர்கள், பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இலங்கையில் தேயிலை எப்படித் தொடங்கியது என்று நாளைக்கு வேறொரு பந்தி எழுதும்போது அவை உதவும்.

அடுத்தது, என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது, வாயால் சொல்ல வைப்பது. கொப்பியை மூடிவிட்டு, பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வியின் பதிலைச் சொல்லட்டும். இதே குறிப்பை வைத்து ஒரு மாணவி இப்படிச் சொன்னாள்: "கோப்பின்னா பழம் பறிக்கிற நேரம்தான் நிறைய ஆள் வேணும் டீச்சர். முடிஞ்சதும் ஊருக்குப் போயிருவாங்க. தேயிலைன்னா அப்படி இல்ல. எங்கம்மா எல்லா மாசமும் கொழுந்தெடுக்கப் போறாங்கதானே. அதனால குடும்பத்தோட இங்கயே இருந்துட்டாங்க." 

"அதனால" என்ற சொல் எவரும் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிட்டது. அம்மாவும் வந்துவிட்டார், அவர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பிள்ளை இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தயவுசெய்து இடையில் திருத்தாதீர்கள். "போயிருவாங்க இல்லை, போய்விடுவார்கள் என்று சொல்" என்று மறித்தால் யோசனை அறுந்துபோகும். வீட்டுத் தமிழிலேயே முழுவதும் சொல்லி முடிக்கட்டும். எழுத்துத் தமிழுக்கு மாற்றுவது கடைசி வேலை.

சொன்ன கையோடு அவள் எழுதிய பந்தியையும் வாசிக்கிறேன். "கோப்பித் தோட்டங்களுக்குப் பழம் பறிக்கும் காலத்தில்தான் அதிகம் ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஆகவே தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1869இல் மடுல்சீமையில் காணப்பட்ட இலை நோய் பரவிக் கோப்பியை அழித்தது. அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. தேயிலை வருடம் முழுவதும் துளிர்க்கும். எங்கள் அம்மா எல்லா மாதமும் கொழுந்து எடுக்கப் போகிறார். இப்படித் தொடர்ந்து வேலை இருந்ததால் தொழிலாளர்கள் குடும்பத்தோடு தோட்டத்திலேயே தங்கினார்கள்."

குறிப்பில் இருந்தவற்றில் பாதிதான் உள்ளே வந்திருக்கிறது. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து வந்த கதையை அவளே விட்டுவிட்டாள், அதற்குத் தனிப் பந்தி வேண்டுமாம். சரியான முடிவு. அம்மாவைப் பற்றிய வசனத்தை வரலாற்று விடையில் வெட்டிவிட நினைக்கும் ஆசிரியர்கள் உண்டு. நான் வெட்டமாட்டேன். தேயிலைக்கு ஓய்வில்லை என்பதற்கு அவள் கண்ணால் காணும் சாட்சி அது. பரீட்சைத் தாளில் வேண்டுமானால் "இன்றும் எல்லா மாதமும் கொழுந்து பறிக்கப்படுகிறது" என்று மாற்றி எழுதப் பழக்கலாம்.

விஞ்ஞானம், சுற்றாடல் பாடங்களுக்கும் இதே வழிதான். சிறுத்தையைப் பற்றி வாசித்தால், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் சிறுத்தை ஏன் வருகிறது என்று ஒரு கேள்வியை எடுங்கள், போதும்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "நாங்க படிக்கலையே, எப்படிச் சொல்லிக்குடுக்கிறது" என்று மலையில் கொழுந்தெடுத்துவிட்டு வரும் அம்மாமார் கேட்கிறார்கள். இந்த வேலைக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. அடுப்படியில் இருந்தபடியே "இன்னைக்கு என்ன வாசிச்ச? அது ஏன் அப்படி ஆச்சு?" என்று கேளுங்கள். பாடம் தெரியாத ஒருவருக்குச் சொல்லும்போதுதான் பிள்ளை விளக்கமாகச் சொல்லும். தெரிந்தவருக்கு அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். பாட்டி தான் கேட்ட பழைய கதையைச் சேர்த்துச் சொன்னால் அதையும் எழுதட்டும். ஆனால் புத்தகத்தில் வாசித்தது எது, பாட்டி சொன்னது எது என்பது பந்தியில் தெரிய வேண்டும். "எங்கள் பாட்டி சொல்வார்" என்று தொடங்கினால் போதும்.

வகுப்பில் பிள்ளைகள் அதிகம், நேரமோ குறைவு என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் சோடி சோடியாகப் பேச விடுங்கள் என்கிறேன். கிழமைக்கு ஒரு பந்தி எழுதினாலே போதும். திருத்தும்போது முதல் தடவை ஒன்றை மட்டும் பாருங்கள்: எடுத்த கேள்விக்குப் பதில் வந்திருக்கிறதா? வந்திருந்தால் அந்த வசனத்தின் கீழே ஒரு கோடு போடுங்கள். வராவிட்டால் கேள்வியையே பந்தியின் ஓரத்தில் எழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுங்கள். ரகர றகரமும் லகர ளகரமும் இரண்டாவது தடவைக்கு இருக்கட்டும். வணக்கம்.