எழுத்தாளருக்கு அன்றாட வேலை உரமே!

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணியை மறுப்பதற்கென்றே குறிப்பெடுத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் எதிரணி அண்ணன்மார்களே, பட்டாலைக் கூடத்தில் இடம் போதாமல் வாசல் பந்தல் வரைக்கும் நிறைந்திருக்கும் ஆச்சிமார்களே, ஐயாமார்களே, அனைவருக்கும் என் வணக்கம். “நாவலாசிரியருக்கு அன்றாட வேலை உரமா, சுமையா?” என்பது இன்றைய தலைப்பு. உரமே என்னும் அணியில் இரண்டாவதாகப் பேச வந்திருக்கிறேன். 1939-இல் கம்பன் கழகம் கண்டு, கம்பனின் பாத்திரங்களையே மேடையில் நிறுத்தி வழக்காடிப் பழகிய காரைக்குடி இது. இங்கே சாட்சியில்லாமல் பேசினால் கைதட்டல் கிடைக்காது என்பது எனக்குத் தெரியும்.

எதிரணித் தலைவர் அண்ணன் அவர்கள் அழகாகப் பேசினார்கள். நாவல் என்பது முழுநேரம் கேட்கும் தவம் என்றார்கள். மிச்ச நேரத்தில் எழுதினால் மிச்ச நாவல்தான் பிறக்கும் என்றார்கள். பாரதியை அழைத்துப் பாராட்டிய இந்தச் செட்டிநாட்டில் எழுத்தாளரை வேலைக்கு அனுப்புவது நமக்கே இழுக்கு என்றும் சொன்னார்கள். கடைசிக் குற்றச்சாட்டுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த மிச்ச நேரத்தைப் பார்ப்போம்.

தமிழில் முதல் நாவல் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்தது 1879-இல் வெளியான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து வழக்குக் கட்டுகளைப் புரட்டியவர். 1898-இல் ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையா உப்பு, மதுவரி (ஆப்காரி) இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். தமிழ் நாவல் தவழ்ந்த காலத்திலேயே அதை வளர்த்தவர்கள் அலுவலகத்துக்குப் போய்வந்தவர்கள்தாம். பிற்காலத்தையும் பாருங்கள்: லா. ச. ராமாமிர்தம் வங்கியில், தி. ஜானகிராமன் முதலில் பள்ளியிலும் பிறகு வானொலியிலும், நீல. பத்மநாபன் கேரள மின்வாரியத்தில், பூமணி கூட்டுறவுத் துறையில், இமையம் பள்ளிக்கூடத்தில். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவன், அந்தத் தெருவையே கதைகளுக்குள் குடியேற்றினார். இவர்கள் எழுதியதெல்லாம் மிச்ச நாவல்கள் என்றால், ஐயா, முழு நாவல் எது என்று எதிரணியினர் எனக்குக் காட்ட வேண்டும்.

பட்டியல் போதும். ஒரே ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல நடுவர் அனுமதிக்க வேண்டும். அவர் நம் மண்ணுக்கு மிக நெருங்கியவர். பக்கத்துச் சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம் 1938-இல் கப்பலேறினார். நாவலுக்குக் களம் தேடிப் போன பயணமன்று அது; இந்தோனேசியாவின் மெடான் நகரில் ஒரு வட்டிக்கடையில் வேலை பார்க்கப் போனார். இந்த வளவு வீட்டில் அமர்ந்திருக்கும் பலருடைய பாட்டையாக்கள் எந்தக் காரணத்துக்காகக் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போனார்களோ, அதே காரணத்துக்காகத்தான் போனார். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிப்படியாக அடுக்கப்பட்டிருந்த கடை வாழ்க்கையை அவர் உள்ளேயிருந்து பார்த்தார். பேரேட்டில் பற்றும் வரவும் எழுதுகிறவனுக்கு மனிதர்களுடைய ஆசையும் நாணயமும் எந்த வரியில் முட்டிக்கொள்கின்றன என்பது தெரிந்துவிடுகிறது. போர் வந்தது, ஜப்பானியர் வந்தார்கள், கடைத்தெரு கலைந்தது. 1946-இல் ஊர் திரும்பியவர், 1947 முதல் 1987 வரை மதுரையில் தினத்தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தார். அந்த வேலைக்கு நடுவே எழுதியவைதாம் ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்னும் இரண்டு நாவல்களும். மெடானையும் பினாங்கையும் நம்மவர்கள் உட்கார்ந்து கணக்கெழுதிய கிட்டங்கிக் கடைகளையும் இவ்வளவு அருகிலிருந்து காட்டிய நாவல் தமிழில் வேறில்லை என்பது என் துணிபு. செட்டிநாட்டின் கடல்கடந்த வாழ்க்கையை நாவலாக்கியவர் செட்டிநாட்டு மாளிகை எதிலும் பிறந்தவரல்லர். கடையில் சம்பளத்துக்கு இருந்தவர். இதை எதிரணியினர் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் இப்போது தலையசைப்பதைப் பார்க்கிறேன். என்ன கேட்கப்போகிறார் என்பதும் தெரிகிறது. நாற்பது ஆண்டுகளில் இரண்டே நாவல்கள்தானே, மற்றவற்றையெல்லாம் வேலை தின்றுவிட்டதே என்பார். ஐயா, ‘புயலிலே ஒரு தோணி’ எழுதி முடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்து, 1972-இல்தான் நூலாக வெளிவந்தது. அவர் மேற்கொண்டு எழுதாமற் போனதற்கு நாளிதழ் அலுவலகத்தைக் கூண்டில் ஏற்றுமுன், முடித்த நாவலை அத்தனை காலம் காக்கவைத்த பதிப்புலகத்தை ஏற்றுங்கள். அந்த நெடிய காத்திருப்பில் அவருக்குச் சோறு போட்டது எது? கையெழுத்துப் படியா? மாதச் சம்பளம் அல்லவா? சம்பளம் இருந்ததனால்தான், நாவலைச் சுருக்கு, சண்டையைக் குறை, காதலைக் கூட்டு என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

இனி என் அனுபவத்திலிருந்து ஒன்று. தேவகோட்டைப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் முகப்பில் இருப்பவள் நான். விடியற்காலையில் நாவல் எழுதுகிறவளும் நான்தான். நகைக்கடன் என்றால் வெறும் கணக்கு என்று நினைப்பார்கள். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டு, நிறம் பார்த்து, தராசில் வைத்து, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்துவிட்டு நிகர எடை சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். அவ்வளவுதான் வேலை. ஆனால் ஒருநாள் ஓர் அம்மாள் வந்தார்கள். முகப்பிலேயே நின்று தோட்டின் திருகைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு முந்தானை முடிச்சை அவிழ்த்து, அளவாகக் கிள்ளி வைத்திருந்த இரண்டு வேப்பங்குச்சிகளை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார்கள். துளை தூர்ந்துவிடக் கூடாதே! கண்ணாடி கேட்கவில்லை, தடவிப் பார்க்கவில்லை. குச்சி நேராகப் போய் உட்கார்ந்தது. “ஆடிக்குள்ள திருப்பிருவேன் ஆத்தா” என்றார்கள். அந்தக் கை எத்தனை ஆடிகளைப் பார்த்திருக்கும் என்று நான் கேட்கவில்லை; கேட்கத் தேவையிருக்கவில்லை. வீட்டு மேசையில் முழுநேரமும் அமர்ந்து யோசித்திருந்தால், கண்ணீர் வடித்துக்கொண்டு தோட்டைக் கழற்றும் ஒருத்தியைத்தான் எழுதியிருப்பேன். வேப்பங்குச்சியைத் தயாராகக் கொண்டுவருகிற ஒருத்தியை என் கற்பனை தந்திருக்காது.

வாடிக்கையாளர் கதையைத் திருடலாமா என்று எதிரணியில் யாரோ முணுமுணுக்கிறார்கள். நியாயமான கேள்வி. பேரும் ஊரும் தொகையும் சங்கத்தின் பதிவேட்டுக்கு உரியவை. அவற்றை நான் வாசற்படிக்கு வெளியே கொண்டுபோவதில்லை. குச்சியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

களைப்பைப் பற்றியும் பேசினார்கள். உண்டு, மறுக்கவில்லை. மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் ஒரு வரி ஓடாது. தணிக்கை வந்தால் நாவலில் வரும் பாத்திரங்களின் பெயர்கூட மறந்துபோகும். ஆனால் நாவல் எழுதுகிறவர்கள் அறிந்த ஓர் உண்மை இருக்கிறது: நாவலின் பெரும்பகுதி பேனாவைத் தொடாத நேரத்தில்தான் தீர்கிறது. காலையில் ஒரு பாத்திரத்தை இக்கட்டில் நிறுத்திவிட்டுப் போனால், பேருந்திலும் முகப்பிலும் அது உள்ளே நடமாடிக்கொண்டே இருக்கும். மறுநாள் வழி தானாகத் திறக்கும். அதனால்தான் அத்தியாயத்தை முடித்துவிட்டு எழுந்திருப்பதைவிட, அடுத்த வரி என்னவென்று தெரிந்திருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு வேலைக்குக் கிளம்புவதை நான் விரும்புகிறேன். நாள் முழுவதும் கையில் இருந்தால் அந்த வரியை அப்போதே எழுதி, அதற்குப் பின்னாலேயே இன்னும் நான்கு வெறும் வரிகளையும் எழுதிவிடுவேன்.

பெண்களின் நிலை வேறு; அதை ஆண்கள் மட்டுமே அமர்ந்திருக்கும் எதிரணி தொடவே இல்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து எழுது என்று சொல்வது எளிது. வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு ஏது வீட்டில் நேரம்? இருக்கிறாளே என்று வருகிற விருந்தெல்லாம் அவள் தலையில்; மாமியாருக்கு மருந்து, பிள்ளைக்குப் பள்ளி, சடங்குக்குப் பலகாரம் எல்லாம் அவள் பொறுப்பு. அவள் எழுத அமர்ந்தால், சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் பார்ப்பார்கள். சம்பளம் கொண்டுவருகிறவளின் அரை மணி நேரத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது, ஐயா. “அவளுக்கு வேலை இருக்கு” என்னும் சொல்லை அலுவலகம்தான் எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது. அந்த மரியாதையில் கொஞ்சத்தைத்தான் விடியற்காலைக்கு மாற்றிக்கொள்கிறோம். இது சரியான ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு இருக்கும் ஏற்பாடு இதுதான்.

பணத்தைப் பற்றிச் செட்டிநாட்டில் கூச்சமில்லாமல் பேசலாம். முந்நூறு ரூபாய் விலையுள்ள ஒரு நாவல் ஆயிரம் படிகள் விற்று, பத்து விழுக்காடு உரிமைத்தொகை ஒழுங்காகக் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பதாயிரம் ரூபாய். அதை எழுத மூன்று ஆண்டுகள் ஆயின என்றால் ஆண்டுக்குப் பத்தாயிரம். இங்குள்ள எந்தக் கணக்கப்பிள்ளையும் இந்த ஐந்தொகையைப் பார்த்துவிட்டு, “இதை நம்பிக் குடும்பம் நடத்து” என்று கையெழுத்திட மாட்டார். எத்தனையோ பேரில் ஒருவருக்கு, பெரும்பாலும் தலை நரைத்த பிறகு கிடைக்கும் சாகித்திய அகாதெமி விருதின் தொகையே ஒரு இலட்சம் ரூபாய்தான்.

ஜெயகாந்தன் எழுத்தாலேயே வாழ்ந்தாரே என்றார்கள். வாழ்ந்தார். அதற்கு முன் எத்தனை வேலைகள் பார்த்தார் என்பதைச் சொல்லாமல் விட்டார்கள். அவர் எழுதிய நாளில் வார இதழ்களில் கதைகளுக்கு இருந்த இடமும், இதழ் வரும் நாளுக்குக் காத்திருந்த வாசகர் கூட்டமும் இன்று எங்கே? அசோகமித்திரன் 1966-இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டார் என்றார்கள். அவர் ஜெமினியை விட்டார். ஜெமினி அவரை விடவில்லை. படப்பிடிப்புத் தளத்து மனிதர்களைக் கொண்டு அவர் எழுதிய ‘கரைந்த நிழல்கள்’ அந்த வேலைக்காலம் இல்லாமல் எங்கிருந்து வந்திருக்கும்? புதுமைப்பித்தன் பெயரையும் சொன்னார்கள். காசநோயோடும் கடனோடும் போராடி 1948-இல் நாற்பத்திரண்டு வயதில் மறைந்த அவரை எங்களுக்கு எதிரான சாட்சியாக எப்படி அழைத்தார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. நிலையான வருமானம் இல்லாததால் தமிழ் எதை இழந்தது என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? அவரை எங்கள் பக்கம் அனுப்பிவிடுங்கள்.

இப்போது புரவலர் வாதம். 1919-இல் பாரதி இங்கே வந்ததும், காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்தார் அவரைக் கொண்டாடியதும், கானாடுகாத்தானில் வை. சு. சண்முகம் செட்டியார் இல்லத்தில் அவர் தங்கியதும் நமக்குப் பெருமைதான். ஆனால் மறு ஆண்டே அவர் எங்கே போனார்? சென்னைக்குப் போய் மீண்டும் சுதேசமித்திரனில் வேலைக்குச் சேர்ந்தார். உபசாரம் சில நாள், உத்தியோகம் நாள்தோறும். பாரதிக்கே அப்படியென்றால் நான் யாரிடம் போய் நிற்பது? அப்படியே ஒரு புரவலர் இன்று முன்வந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் சோற்றில் இருந்துகொண்டு அவர் வீட்டுப் பங்கு வழக்கை நான் நாவலாக எழுத முடியுமா? சங்கத்துச் செயலாளர் என் கூட்டல் கழித்தலில் பிழை கண்டுபிடிக்கலாம். என் நாவலின் முடிவை மாற்று என்று அவர் சொல்வதில்லை. சொல்லவும் மாட்டார், அவர் அதைப் படிப்பதே இல்லை.

நடுவர் ஐயா மணியின் மீது கை வைத்துவிட்டார்கள். எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணனிடம் இரண்டே கேள்விகள். வேலையை விட்ட எழுத்தாளர், முதல் நாவல் அச்சேறும் வரைக்கும் மளிகைக் கடைக்கு எந்தக் கணக்கில் பணம் கட்டுவார்? அந்தப் பணத்தைக் கொடுப்பவருக்குப் பிடிக்காத அத்தியாயத்தை அவர் எங்கே ஒளித்துவைத்து எழுதுவார்? இரண்டுக்கும் விடை சொல்லிவிட்டுத் தம் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.