கேள்வியை மாற்றும் மனம்

அவையோர்க்கு வணக்கம். கொதிக்கும் கெண்டியின் மூடி துள்ளுவதைக் கண்டு ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்ற கதையை நம்மில் பலர் சிறுவயதில் நம்பியிருப்போம். உண்மையில், அவர் பிறப்பதற்கு முன்பே அந்த இயந்திரம் சுரங்கங்களில் நீர் இறைத்துக்கொண்டிருந்தது. 1763-64 குளிர்காலத்தில் நியூகோமன் என்பவர் உருவாக்கிய அந்தப் பழைய நீராவி இயந்திரத்தின் சிறு மாதிரி ஒன்று கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலிருந்து பழுதுபார்க்க வந்தபோது, அதை ஓடவைத்ததோடு நில்லாமல், இவ்வளவு நீராவி எங்கே வீணாகிறது என்று அவர் கணக்குப் பார்த்தார். ஒவ்வொரு வீச்சிலும் உருளையைச் சூடாக்கி உடனே குளிர்விப்பதுதான் குறை என்று புரிந்தது. நீராவியைத் தனிக்கலத்தில் குளிர்விக்கும் எண்ணம் 1765இல் ஒரு நடையின்போது பளிச்சிட்டது என்பார்கள். அதற்குமுன் அந்தக் கேள்வி ஓராண்டுக்கு மேல் அவருக்குள் ஊறிக் கிடந்தது.

இப்படிக் கேள்வியையே மாற்றுவது ஏன் கடினம்? கார்ல் டுங்கர் என்ற உளவியலாளர் மெழுகுவத்தி, குத்தூசி, சிறு பெட்டி ஆகியவற்றைக் கொடுத்து, மெழுகுவத்தியைக் கதவில் நிறுத்தச் சொன்னார். பெட்டியைக் குத்தூசியால் கதவில் பொருத்தினால் அதுவே தாங்குபலகை. பெட்டி காலியாக இருந்தபோது எளிதில் விடை கண்டார்கள். அதில் பொருள்களை நிரப்பிக் கொடுத்தபோதோ பலருக்கு அது தோன்றவில்லை. ஒரு பொருளின் வழக்கமான பயன் நம் கண்ணை மறைத்துவிடுகிறது.

ரைட் சகோதரர்களின் சிறப்பை நான் இங்கேதான் காண்கிறேன். பறப்பதற்கு வேண்டியது ஆற்றல்மிக்க எஞ்சின் என்று எண்ணிய அமெரிக்க அறிவியலாளர் லாங்லியின் விமானம், 52 குதிரைத்திறன் இருந்தும், 1903 டிசம்பர் 8 அன்று ஆற்றில் விழுந்தது. ஒன்பது நாள் கழித்துச் சுமார் 12 குதிரைத்திறனோடு ரைட் விமானம் 12 விநாடி பறந்தது. மிதிவண்டி தானாக நிற்காது, ஓட்டுபவரே அதைச் சமன்செய்கிறார் என்பது மிதிவண்டி செய்து விற்ற அவர்களுக்குக் கைப்பழக்கம். ஆகவே, விழாத விமானம் எது என்று கேட்காமல், விழப்போகும் விமானத்தை எப்படித் திருத்துவது என்று கேட்டார்கள். மிதிவண்டி டியூப் வந்த அட்டைப்பெட்டியை மூத்தவர் வில்பர் விரல்களால் முறுக்கிக்கொண்டிருந்தபோது, இறக்கையையும் அவ்வாறே முறுக்கி விமானத்தைச் சமன்செய்யலாம் என்பது 1899இல் புலப்பட்டது.

உந்துவிசிறியையும் அவர்கள் சுழலும் இறக்கையாகவே கண்டார்கள். ஆனால் அதன் கணக்கு எளிதில் வசப்படவில்லை; இருவரும் கடுமையாக வாதிட்டார்கள். வாதத்தின் முடிவில் ஒவ்வொருவரும் மற்றவர் கட்சிக்கு மாறியிருப்பார், உடன்பாடு மட்டும் வந்திருக்காது என்று பின்னாளில் அவர்களே நகைச்சுவையோடு எழுதினார்கள்.