அப்பா மாடு விற்ற 70 வொன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

'வறுமையில் வளர்ந்து தொழிலதிபர் ஆனவரைப் பிறந்த மண்ணோடு கட்டிப் போடுவது சிறுவயதில் பட்ட பாடா, பின்னாளில் பெற்ற வெற்றியா?' என்பது தலைப்பு. பட்ட பாடுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "பசியில் இருப்பவன் ஊரை விட்டு ஓடத்தான் பார்ப்பான், வயிறு நிறைந்த பிறகுதான் ஊர்ப் பாசம் வரும்" என்றார். ஓடத்தான் பார்ப்பான் என்பதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். ஏனென்றால், ஊரை விட்டு ஒரு முறை இல்லை, நான்கு முறை ஓடிய ஒரு மனிதரின் கதையைத்தான் நான் கொண்டு வந்திருக்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஹூண்டாயைத் தொடங்கியவர் சங் ஜூ யங். 1915இல் கொரியாவின் தோங்சோன் வட்டாரத்தில், அசான் என்ற சிற்றூரில், ஏழை விவசாயி வீட்டில் மூத்த மகனாகப் பிறந்தார். அப்போது கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. கல்லும் சரளையுமான நிலம், வருஷத்தில் பாதி குளிர். போன அறுவடை தீர்ந்து, புது வாற்கோதுமை கதிர் முற்றும்வரை அடுப்பெரியாத வசந்த காலத்துக்கு அந்த நாட்டில் 'வாற்கோதுமை மேடு' என்று பேர். அந்த மேட்டை ஏறி முடிப்பதற்குள் உயிர் போய்விடும் என்பார்கள். நம் ஊர் ஆடிப் பஞ்சம் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி. பதினாறு வயது வாக்கில் முதல் ஓட்டம். ரயில் பாதை போடும் வேலைக்குப் போனார், அப்பா தேடி வந்து கூட்டிக்கொண்டு போனார். இரண்டாவது ஓட்டமும் அப்படியே முடிந்தது. மூன்றாவது முறை, அப்பா மாடு விற்று வைத்திருந்த 70 வொன் பணத்தை எடுத்துக்கொண்டு சியோலுக்கு ரயிலேறினார்.

மாடு விற்ற பணம் என்றால் என்ன என்று இந்த அவையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அது உழவும் எருவும் அவசரத்துக்கு ஒரு துணையும் சேர்ந்த பணம். அதை எடுத்துக்கொண்டு போன பிள்ளை சியோலில் கணக்கு எழுதும் படிப்பில் சேர்ந்தார். இரண்டு மாதத்தில் அப்பா அங்கேயும் வந்துவிட்டார். நடுவர் அவர்களே, அந்த அப்பா ஊரிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருப்பார், மகனைப் பார்த்ததும் என்ன சொல்லியிருப்பார் என்று பல முறை யோசித்திருக்கிறேன். மகன் மறுபடியும் ஊருக்குப் போனார், மண்வெட்டி பிடித்தார். பதினெட்டு வயதில் நான்காவது முறை கிளம்பினார். அந்தப் பயணந்தான் நிலைத்தது.

இன்சியோன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். தொழிலாளர் விடுதியில் மூட்டைப்பூச்சி. தரையில் படுக்க முடியாமல் மேசை மேல் படுத்தால், கால் வழியாக ஏறி வந்து கடித்தது. நான்கு மேசைக் கால்களையும் தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்தார்கள். ஒன்றிரண்டு நாள் நிம்மதி. அப்புறம் பார்த்தால் மறுபடியும் கடி. விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, பூச்சிகள் சுவரில் ஏறி, கூரை வழியாக வந்து, நேராக உடம்பின் மேல் விழுந்துகொண்டிருந்தன. இந்தப் பூச்சியே இவ்வளவு முயற்சி செய்கிறதே என்று அன்றைக்கு நினைத்ததை, பெரிய முதலாளி ஆன பிறகும் தன் ஆட்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். வெற்றிதான் மனிதனை ஆள்கிறது என்றால், கோடிகளின் நடுவில் மூட்டைப்பூச்சிக்கு என்ன வேலை?

அப்புறம் சியோலில் ஓர் அரிசிக் கடையில் மூட்டை கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. நேர்மையைப் பார்த்து உரிமையாளர் கடையை அவரிடமே விட்டார். 1938இல் சொந்தக் கடை. அடுத்த ஆண்டே ஜப்பானிய அரசின் அரிசிப் பங்கீடு வந்து கடையை மூட வேண்டியதாயிற்று. 1940இல் கடன் வாங்கி வண்டி பழுது பார்க்கும் பட்டறை வைத்தார். சில வாரங்களுக்குள் தீப்பிடித்து, வாடிக்கையாளர் வண்டிகளோடு எரிந்தது. ஈடு எதுவும் இல்லாமல் கடன் கொடுத்திருந்த பெரியவரிடமே போய் மறுபடியும் கேட்டார். அவரும் கொடுத்தார்! 1947இல் ஹூண்டாய் கட்டுமான நிறுவனம் பிறந்தது.

அதற்குப் பிறகு வந்த வெற்றிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அவை எதிரணிக்கு வேண்டியவை. 1971இல் கப்பல் கட்டும் தளத்துக்குக் கடன் தேடி இங்கிலாந்து போனவர், தளம் கட்ட நினைத்த உல்சான் கடற்கரையின் புகைப்படத்தோடு, பையிலிருந்து 500 வொன் நோட்டை எடுத்துக் காட்டினார். அதில் 16ஆம் நூற்றாண்டின் கொரியப் போர்க்கப்பலான ஆமைக் கப்பலின் படம் இருந்தது. எங்கள் முன்னோர் உங்களுக்கு முன்பே இரும்புக் கவசக் கப்பல் கட்டியவர்கள் என்றார். 1974இல் தளமும் அங்கே கட்டிய முதல் எண்ணெய்க் கப்பலும் சேர்ந்தே தயாராயின.

அவரைத் தெய்வமாக்க நான் வரவில்லை. பல நிறுவனங்கள் சேர்ந்து போட்ட சியோல்–பூசான் நெடுஞ்சாலை 1970இல் முடிந்தபோது 77 பேர் உயிர் விட்டிருந்தார்கள். 1987இல் ஹூண்டாயின் உல்சான் தொழிலாளர்கள் உரிமை கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். அந்த வியர்வையையும் ரத்தத்தையும் கணக்கில் வைத்துத்தான் பேசுகிறேன்.

சரி, எதிரணி கேட்கும்: வெற்றி இல்லாமல் அவரால் ஊருக்கு என்ன செய்திருக்க முடியும்? பணம் வெற்றி கொடுத்ததுதான், மறுக்கவில்லை. ஆனால், அந்தப் பணம் எங்கே போனது என்று பாருங்கள். 1977இல் தன் கட்டுமான நிறுவனப் பங்குகளில் பாதியைக் கொடுத்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார். மருத்துவ வசதி எட்டாத ஜொங்உப், போசோங் போன்ற ஊர்களில் மருத்துவமனைகள் எழுந்தன. நோய் வந்தால் ஏழை இன்னும் ஏழையாகிறான் என்பதைச் சிறுவயதில் கண்ணால் பார்த்தவர் அவர். அறக்கட்டளைக்கு வைத்த பேர் என்ன தெரியுமா? அசான். ஓடி ஓடிப் போன அந்தச் சிற்றூரின் பேர்.

அடுத்து சோசான். மேற்குக் கடலை அணை போட்டுத் தடுத்து நிலமாக்கும் வேலை. 1984இல் கடைசி இடைவெளியை அடைக்க முடியவில்லை, கொட்டிய பாறைகளை எல்லாம் அலை அடித்துப் போனது. 322 மீட்டர் நீளமுள்ள பழைய எண்ணெய்க் கப்பலைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தி நீரின் வேகத்தைத் தடுத்து, அடைத்து முடித்தார். 10,000 ஹெக்டேருக்கு மேல் வயல் கிடைத்தது. அதை அவர் லாபக் கணக்காகச் சொல்லவில்லை. கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி, சாண் சாணாக நிலம் திருத்திய அப்பாவுக்கு மகன் காலம் கடந்து கொடுக்கும் காணிக்கை என்றார். நடுவர் அவர்களே, கப்பல் கட்டியவருக்கு வயல் எதற்கு? எந்த வெற்றி அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனது?

இப்போது ஊருக்கு வருகிறேன். நாடு இரண்டானபோது அசான் வடக்கே போய்விட்டது. முள்வேலிக்கும் கண்ணிவெடிக்கும் அப்பால் பிறந்த வீடு. 1998 ஜூன் 16ஆம் தேதி, 82 வயதில், 500 மாடுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு எல்லையில் உள்ள பன்முன்ஜோம் வழியாக வடக்கே போனார். அந்த மாடுகள் எங்கே வளர்ந்தவை? அப்பாவுக்குக் காணிக்கை என்றாரே, அந்த சோசான் பண்ணையில். வடக்கே அப்போது பெரும் பஞ்சம். அன்று எடுத்த ஒரு மாடு ஆயிரம் மாடாகிவிட்டது, அந்தக் கடனை அடைக்கத்தான் பிறந்த மண்ணுக்குப் போகிறேன் என்ற கருத்தில் பேசினார்.

அதே 1998இல்தான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சாண்ட்ரோ கார்கள் வெளியே வந்தன. வெற்றி என்றால் அதுதானே வெற்றி! ஆனால், கடன் என்று அந்த முதியவர் சொன்னது வங்கிக் கடனை இல்லை. அறுபது ஆண்டுக்கு முந்தைய 70 வொன்னை. வெற்றி அதை மறக்கத்தான் வைத்திருக்கும். மறக்க விடாதது அப்பாவின் அந்த வெறும் கட்டுத்தறி.

அக்டோபரில் மறுபடியும் போனார். இந்த முறை 501 மாடுகள், மொத்தம் 1001. ஆயிரம் வட்டி, ஒன்று முதல் என்று நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன். ஆயிரம் மாட்டை வெற்றி வாங்கிக் கொடுத்தது என்று எதிரணி எடுத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு மாடு எங்களுடையது, நடுவர் அவர்களே.